கடைமடையில் ஏறும் நீர்: புராஸ்டேட் புற்று எலும்பைச் சேரும் விதம்

புராஸ்டேட் புற்றுநோய் பல ஆண்களுக்குப் புராஸ்டேட்டில் தெரிவதில்லை. இடுப்பெலும்பிலோ நடுமுதுகிலோதான் முதலில் தெரிகிறது. வேளாங்கண்ணியை அடுத்த செருதூரில் வலை இழுத்துப் பழகியவருக்கும், கீழ்வேளூர் பக்கம் நெற்கட்டுச் சுமந்தே காலம் கழித்தவருக்கும் அறுபத்தைந்து வயதில் முதுகு வலித்தால் அதற்குக் காரணம் தேடிப் போக வேண்டியதில்லை. வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்ப்பார்கள், தேய்மானம் என்று மாத்திரை வாங்குவார்கள். பெரும்பாலும் அந்தக் கணிப்பு சரியாகவே இருக்கும். சிலருக்கு மட்டும் வலி படுத்தாலும் விடாது, இரவில் கூடும், வாரத்துக்கு வாரம் ஏறும், உடம்பு இளைக்கும். எக்ஸ்ரேயில் ஒரு முள்ளெலும்பு மற்றவற்றைவிட வெள்ளையாகத் தெரியும். இரத்தத்தில் புராஸ்டேட் சுரக்கும் புரதமான பி.எஸ்.ஏ.வின் அளவைப் பார்த்தால், 4-க்குக் கீழே இருக்க வேண்டிய எண் நூற்றுக்கணக்கில் வந்து நிற்கும். சிறுநீர்ப்பைக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஒரு சிறு சுரப்பியில் பிறந்த நோய், வயிற்றையும் நுரையீரலையும் விட்டுவிட்டு முதுகெலும்பில் போய் ஏன் உட்கார வேண்டும்?

இது அரிதாக எழும் கேள்வி அல்ல. பி.எஸ்.ஏ. பரிசோதனை பரவலாக உள்ள அமெரிக்கா போன்ற நாடுகளில் புதிதாக நோய் கண்டவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே தொலை உறுப்புகளில் பரவல் இருக்கிறது. இந்திய மருத்துவமனைப் பதிவேடுகளில் இந்தப் பங்கு பத்தில் நான்கு என்ற அளவுக்கு ஏறுகிறது. இந்த எண்ணைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். பெரிய மருத்துவமனைக்கு முற்றிய நோயாளிகளே அதிகம் அனுப்பப்படுகிறார்கள். அப்படிக் கழித்துப் பார்த்தாலும் வேறுபாடு பெரியதுதான். நோயின் குணம் இங்கே வேறு என்பதைவிட, அது கண்ணில் படும் நேரம் வேறு என்பதே பொருத்தமான விளக்கம். தமிழ்நாட்டில் யாருக்கு, எந்த ஊரில், எந்தப் புற்று என்று கணக்கெடுக்கும் வேலை 1980-களின் தொடக்கத்தில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் சென்னைப் பதிவேட்டில் தொடங்கியது. 2012 முதல் அது மாநிலம் முழுவதற்கும் விரிந்ததில் நாகப்பட்டினமும் தஞ்சாவூரும் அடங்கும்.

தாமதத்துக்கு உடலமைப்பிலேயே ஒரு காரணம் உண்டு. புராஸ்டேட் ஏறக்குறைய வாதுமைக் கொட்டை அளவுள்ளது. சிறுநீர்ப்பையின் வாயில், சிறுநீர்க் குழாயைச் சுற்றி மோதிரம்போல் அமர்ந்திருக்கிறது. விந்துநீரின் ஒரு பகுதியைச் சுரப்பது அதன் வேலை. வயதானால் வரும் சாதாரண வீக்கம் பெரும்பாலும் குழாயை ஒட்டிய உட்பகுதியில் வருகிறது. அதனால்தான் நீர் பிரிவது சிரமமாகிறது, இரவில் நாலு முறை எழ வேண்டியிருக்கிறது. புற்றோ பத்தில் ஏழு பேருக்கு வெளிப்புற ஓரத்தில் தொடங்குகிறது. வாய்க்காலை விட்டு எட்ட இருக்கும் வயலில் வளரும் களை வாய்க்காலை அடைப்பதில்லை. ஒன்றுக்குப் போவதில் எந்தத் தொல்லையும் இல்லாமலே அது ஆண்டுக்கணக்கில் வளர முடியும்.

ஊர்ப்பேச்சில் இந்த உறுப்புக்குப் பெயரே இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஆரோக்கிய மாதா பேராலயத்தில் நேர்ந்துகொண்டவர்கள் கை, கால், கண், இதயம் என்று உலோகத் தகட்டில் உருவம் செய்து காணிக்கை வைப்பது வழக்கம். பெயர் உள்ள உறுப்புக்குத்தான் உருவம் உண்டு, முறையீடும் உண்டு. பெயரில்லாத சுரப்பியின் நோய், பெயருள்ள முதுகின் கணக்கில் எழுதப்படுகிறது.

முதலில் தெளிவாக வேண்டிய குழப்பம் ஒன்று இருக்கிறது. "எலும்புக்குப் போயிடுச்சு" என்று மருத்துவர் சொன்னதும் வீட்டார் அதை "எலும்புப் புற்று" என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. எலும்பின் உயிரணுக்களே கெட்டு வளர்வது எலும்புப் புற்று. இங்கே எலும்பில் இருப்பவை புராஸ்டேட்டின் உயிரணுக்கள். வீடு மாறியிருக்கின்றன, குலம் மாறவில்லை. முதலில் தோன்றிய கட்டியைத் தாய்ப்புற்று என்றும், அதிலிருந்து பிரிந்து வேறிடத்தில் முளைத்ததைச் சேய்ப்புற்று என்றும், இந்த நகர்வை இடம்பரவல் என்றும் அழைக்கலாம். சேய்ப்புற்றிலிருந்து ஊசியால் துளி திசு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், எலும்புக்கு நடுவே சுரப்பி உயிரணுக்கள் தெரியும், பி.எஸ்.ஏ.வுக்கு உரிய சாயம் அவற்றில் ஏறும். மருந்தைத் தீர்மானிப்பதும் இந்தக் குலம்தான்; எலும்பில் இருந்தாலும் அதற்குப் புராஸ்டேட் புற்றின் மருத்துவமே செய்யப்படுகிறது.

இந்த அடையாளம் எவ்வளவு உறுதியானது என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. தென் சைபீரியாவின் துவா பகுதியில் அர்ஜான் என்னும் இடத்தில் ஏறக்குறைய 2,700 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஒரு சித்திய அரசனின் எலும்புக்கூடு முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தடித்த புண்கள் இருந்தன. 2007-இல் வெளியான ஆய்வில், அந்த எலும்பிலிருந்து பிரித்தெடுத்த புரதங்களில் பி.எஸ்.ஏ. இருந்தது தெரிந்தது. சதை மண்ணாகிவிட்டது; சுரப்பியின் சுவடே இல்லை; ஆனால் அதன் உயிரணுக்கள் குடியேறிய எலும்பு மட்டும் அந்த மனிதன் எந்த நோயால் அவதிப்பட்டான் என்பதைச் சொல்லிவிட்டது.

இனி, அவை எலும்பை எப்படி அடைகின்றன என்ற கேள்வி. உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து அசுத்த இரத்தம் சிரைகள் வழியாக இதயத்துக்குப் போய், அங்கிருந்து நுரையீரலுக்குப் போகிறது. அந்தப் பாதையில் போகும் புற்றணுக்கள் நுரையீரலின் மெல்லிய நாளங்களில்தான் முதலில் சிக்க வேண்டும். புராஸ்டேட் புற்றில் அப்படி நடப்பதைவிட முதுகெலும்பில் சிக்குவதே முந்துகிறது. பாதை வேறாக இருக்குமோ என்று ஐயுற்றவர் ஆஸ்கர் பேட்சன் என்ற அமெரிக்க உடற்கூற்றியலாளர். இறந்தவர் உடலில் ஆண்குறியின் மேற்புறச் சிரையில் எக்ஸ்ரேயில் தெரியும் கரைசலைச் செலுத்திப் படமெடுத்தார். கரைசல் இடுப்புச் சிரைகளை நிரப்பி, நேராக முள்ளெலும்புகளைச் சுற்றியுள்ள சிரை வலையில் ஏறியது. இதயத்துக்கோ நுரையீரலுக்கோ போகவில்லை. 1940-இல் அவர் வெளியிட்ட இந்தக் கண்டுபிடிப்புக்குப் பேட்சன் சிரைவலை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அந்த வலையின் விசேஷம், அதில் வால்வு இல்லாததுதான். கை கால் சிரைகளில் இரத்தம் பின்னோக்கி வராதபடி ஆங்காங்கே வால்வுகள் இருக்கின்றன. முதுகெலும்புச் சிரைகளில் அவை இல்லை. காவிரிப் படுகையின் கடைமடையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. வேளாங்கண்ணி அருகே கடலில் கலக்கும் வெள்ளையாறு போன்ற ஆறுகளில், மேட்டிலிருந்து தண்ணீர் பலமாக வந்துகொண்டிருக்கும்வரை ஓட்டம் கடலை நோக்கியே இருக்கும். ஓதம் ஏறும்போது, ஆற்றில் வரத்துக் குறைந்திருந்தால், உப்புநீர் எதிர்த்து உள்ளே ஏறும். அதைத் தடுக்கத்தான் ஷட்டர் வைத்த தடுப்பணைகள். ஷட்டர் இல்லாத வாய்க்காலில் அழுத்தம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கமிருந்து நீர் வரும். மனிதன் இருமும்போதும், மூட்டை தூக்கும்போதும், மலம் கழிக்க முக்கும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறுகிறது; இடுப்புச் சிரைகளின் இரத்தம் அந்த நொடியில் முதுகெலும்பு வலைக்குள் பின்வாங்குகிறது. அதில் மிதக்கும் புற்றணுக்களும் கூடவே போகின்றன.

பேட்சனின் கருத்து சடலத்தில் பார்த்ததோடு நிற்கவில்லை. புராஸ்டேட் புற்று இருந்த 1,589 ஆண்களின் பிணக்கூறாய்வு முடிவுகளை 2000-இல் ஒரு குழு தொகுத்தது. இரத்தம் வழியாகப் பரவியிருந்தவர்களில் 90 விழுக்காட்டினருக்கு எலும்பில் நோய் இருந்தது. நுரையீரலில் 46, கல்லீரலில் 25 விழுக்காடு. முதுகெலும்பில் பரவல் இருந்தவர்களிடமும் நுரையீரலில் பரவல் இருந்தவர்களிடமும் கணக்கு எதிரெதிராகப் போனது என்பது இன்னும் சுவையானது. கட்டி சிறிதாக இருந்தபோது முதுகெலும்பின் பங்கு தூக்கலாக இருந்தது. பெரிதானபோது நுரையீரல் கூடியது. ஒரே பாதையாக இருந்தால் இப்படி நடக்காது.

ஆனாலும் பாதை மட்டுமே போதுமானதாக இருந்தால், முதுகெலும்பைத் தாண்டித் தொடையெலும்பு, விலா, மண்டையோடு என்று அது ஏன் எலும்பையே தேடிப் போக வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை பேட்சனுக்கு அரை நூற்றாண்டு முன்பே ஒருவர் தந்திருந்தார். இலண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பதிவுகளை அலசி 1889-இல் 'லான்செட்' இதழில் எழுதினார். இரத்தம் எல்லா உறுப்புக்கும் போகிறது, ஆனால் சேய்ப்புற்று சில உறுப்புகளில்தான் முளைக்கிறது. விதை நாலாபுறமும் விழுகிறது. தக்க மண்ணில்தான் பயிராகிறது என்பது அவர் வாதம். பல ஆண்டுகள் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1980-இல் ஐசையா ஃபிட்லரும் உடன் ஆய்வாளரும் சுண்டெலிகளில் இதைச் சோதித்தார்கள். நுரையீரல், சூலகம், சிறுநீரகம் ஆகியவற்றின் துண்டுகளை எலியின் உடலில் வேறிடத்தில் பதியம் வைத்து, ஒருவகைத் தோல் புற்றணுக்களை இரத்தத்தில் செலுத்தினார்கள். நுரையீரல் துண்டிலும் சூலகத் துண்டிலும் கட்டி வளர்ந்தது. சிறுநீரகத் துண்டில் வளரவில்லை. விதை மூன்றிலும் விழுந்தது. இரத்தத்தில் நுழையும் புற்றணுக்களில் பத்தாயிரத்தில் ஒன்றுகூடக் கட்டியாகத் தேறுவதில்லை என்பதும் இப்படிப்பட்ட ஆய்வுகளில் தெரிந்ததுதான்.

நாகை மாவட்டத்து உழவர்கள் 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இதே பாடத்தை வயலில் பார்த்தார்கள். ஆழிப்பேரலை ஏறிய நிலத்தில் அதே நெல், அதே கை, அதே நீர். ஆனால் உவரேறிய மண்ணில் நாற்று பிடிக்கவில்லை. மழை உப்பைக் கழுவி, தக்கைப்பூண்டு மடக்கி உழுது, மண் திரும்பிய பிறகே விளைந்தது.

புராஸ்டேட் புற்றுக்கு எலும்பு ஏன் வண்டல் மண்? எலும்பின் உள்ளே இருக்கும் செம்மஜ்ஜையில் இரத்த அணுக்களை உண்டாக்கும் தாயணுக்கள் வாழ்கின்றன. அவற்றைத் தக்க அறைகளுக்கு வரவழைத்து, பிடித்து வைக்க மஜ்ஜை சில வேதிச் சமிக்ஞைகளை வீசுகிறது. அந்தச் சமிக்ஞையை உணரும் கொக்கி புராஸ்டேட் புற்றணுக்களின் மேலும் உண்டு. 2011-இல் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு ஒன்று எலிகளில் காட்டியபடி, புற்றணுக்கள் தாயணுக்களோடு போட்டியிட்டு அவற்றின் அறைகளையே பிடித்துக்கொள்கின்றன. செம்மஜ்ஜை வயது வந்தவர்களிடம் முள்ளெலும்பு, இடுப்பெலும்பு, விலா, மண்டையோடு, தொடையெலும்பின் மேல்முனை போன்ற இடங்களில்தான் மிஞ்சியிருக்கிறது. சேய்ப்புற்று முளைக்கும் இடங்களின் பட்டியலும் ஏறக்குறைய இதுவேதான்.

குடியேறிய பின் நடப்பது இன்னும் விசித்திரமானது. எலும்பு செத்த கல் அல்ல. பெரியவர்களின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இடிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படுகிறது. இடிக்கும் உயிரணுவை எலும்பழிப்பி என்றும் கட்டும் உயிரணுவை எலும்பாக்கி என்றும் சொல்லலாம். இடிக்கிறவர் சில வாரம் குழி தோண்டிவிட்டுப் போக, கட்டுகிறவர் சில மாதம் நின்று நிரப்புகிறார். சிறுநீரகப் புற்றும் மார்பகப் புற்றும் பெரும்பாலும் இடிக்கிறவரைத் தூண்டிவிடுகின்றன. எக்ஸ்ரேயில் எலும்பு கறையான் அரித்த உத்தரம்போல் கறுப்பு ஓட்டைகளாகத் தெரியும். புராஸ்டேட் புற்று கட்டுகிறவரைத் தூண்டுகிறது. எண்டோதீலின் முதலான புரதங்களைச் சுரந்து, தேவையில்லாத இடத்தில் கட்டு கட்டு என்கிறது. அதனால்தான் எக்ஸ்ரேயில் வெள்ளைப் புள்ளிகள். ஜெர்மானிய நோயியலாளர் ஃபான் ரெக்லிங்ஹவுசன் 1891-இலேயே இந்த வகையை விவரித்துவிட்டார்.

எலும்பு கூடுவது நல்லதுதானே என்று தோன்றும். அடுக்கத் தெரிந்தவர் போட்ட வைக்கோல் போர் ஐப்பசி கார்த்திகை மழையைத் தாங்கும். அதே வைக்கோலை வாரிக் குவித்தால் உள்ளே நீர் இறங்கிச் சரியும். இயல்பான எலும்பு அடுக்கு அடுக்காக, பாரம் வரும் திசையைப் பார்த்து அமைந்தது. புற்று கட்ட வைக்கும் எலும்பு தாறுமாறாகப் பின்னியது. கனமுண்டு, கட்டுமானம் இல்லை. வெள்ளையாகத் தெரிந்த அதே முள்ளெலும்பு ஒருநாள் நொறுங்கவும் கூடும். தவிர, இடிக்கும் வேலையும் பக்கத்திலேயே மறைவாக நடந்துகொண்டிருக்கிறது. எலும்பு இடிபடும்போது அதற்குள் சேமித்துவைத்த வளர்ச்சிப் புரதங்கள் கசிகின்றன. புற்று அதை உண்டு வளர்ந்து, மேலும் தூண்டுகிறது. மஜ்ஜை இருந்த இடத்தைப் புற்றும் புதிய எலும்பும் பிடித்துக்கொள்வதால் இரத்தசோகையும் சேர்ந்துவருகிறது.

இடம்பரவலைப் பார்க்கும் முறைகளில் எக்ஸ்ரே மந்தமானது. எலும்பின் சுண்ணாம்புச் சத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் மாறினால்தான் அதில் தெளிவாகத் தெரியும். எலும்பு ஸ்கேன் வேறு தந்திரத்தைக் கையாள்கிறது. ஊரில் எங்கே வீடு கட்டுகிறார்கள் என்று அறிய வேண்டுமானால் வீடு வீடாகப் போக வேண்டியதில்லை. மணல் வண்டிகள் எங்கே போய் நிற்கின்றன என்று பார்த்தால் போதும். எலும்பாக்கிகள் வேலைசெய்யும் இடத்தில் பாஸ்பேட் வகைப் பொருள் போய்ப் படியும். அந்தப் பொருளில் டெக்னீசியம் என்ற கதிரியக்கத் தனிமத்தை ஒட்டி ஊசியில் ஏற்றுகிறார்கள். இரண்டு மூன்று மணி நேரம் தண்ணீர் குடித்துக் காத்திருந்தால் மிச்சம் சிறுநீரில் போய்விடும். பிறகு கேமராவுக்கு அடியில் படுத்தால், வேலை நடக்கும் இடங்கள் கரும்புள்ளிகளாகத் தெரியும்.

டெக்னீசியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம். காலையில் இருந்தது மாலைக்குள் பாதியாகிவிடும். நோயாளிக்கு அது நன்மை. மருத்துவமனைக்கு அது தொல்லை, ஏனெனில் சேமித்துவைக்க முடியாது. அதற்கு வழி, 66 மணி நேர அரை ஆயுளுள்ள மாலிப்டினத்தை ஒரு குடுவையில் அடைத்து அனுப்புவது. அது சிதைந்து சிதைந்து டெக்னீசியத்தைச் சுரக்கும்; ஆய்வுக்கூடத்தார் தினமும் உப்புநீர் விட்டு அதைப் பிரித்தெடுப்பார்கள். இதைப் பால் கறப்பது என்றும் குடுவையைப் பசு என்றும் உலகெங்கும் அந்தத் துறையினர் சொல்வது வழக்கம். ஏறக்குறைய ஒரு வாரம் கறக்கலாம். பிறகு பசு வற்றிவிடும்.

மணல் வண்டி நிற்கும் இடமெல்லாம் வீடு கட்டுவதாகச் சொல்ல முடியாது. பழைய எலும்பு முறிவு, மூட்டுத் தேய்மானம், முதுகெலும்புக் காசநோய் எல்லாமே ஸ்கேனில் புள்ளி காட்டும். ஐம்பது ஆண்டு வயல்வேலை செய்த முதுகில் இப்படிப் பல புள்ளிகள் இருப்பது இயல்பு. எனவே ஒற்றைப் புள்ளியை வைத்து முடிவு கட்டாமல் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்து ஒப்பிடுகிறார்கள். எதிர்ப்பக்கத்திலும் ஒரு பொறி இருக்கிறது. எலும்பு முழுவதும் பரவியிருந்தால் புள்ளிகளே தெரியாது. எலும்புக்கூடு மொத்தமும் சீராக ஒளிரும். பழகாத கண்ணுக்கு நல்ல ஸ்கேன்போல் இருக்கும். அப்போது காட்டிக்கொடுப்பது சிறுநீரகங்கள். மருந்தை எலும்பே குடித்துவிட்டதால் அவை படத்தில் காணாமல் போயிருக்கும்.

அண்மை ஆண்டுகளில் வந்திருப்பது பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன். இது கட்டும் வேலையைத் தேடுவதில்லை, புற்றணுவையே தேடுகிறது. புராஸ்டேட் புற்றணுவின் மேற்பரப்பில் மிகுதியாக இருக்கும் ஒரு புரதத்தில் போய் ஒட்டும் பொருளோடு காலியம் போன்ற கதிரியக்கத் தனிமத்தைச் சேர்த்து அனுப்புகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 302 ஆண்களிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில் இதன் துல்லியம் 92 விழுக்காடு, பழைய சி.டி., எலும்பு ஸ்கேன் இணையின் துல்லியம் 65. சென்னை, வேலூர் போன்ற நகரங்களில் இது கிடைக்கிறது.

கண் கூர்மையானதால் ஒரு கணக்குக் குழப்பமும் வந்தது. முன்பு "பரவவில்லை" என்ற வரிசையில் இருந்தவர்களில் சிலர், சிறு புள்ளி தெரிந்ததால் "பரவியது" வரிசைக்கு மாறுகிறார்கள். முதல் வரிசையில் மோசமானவர்கள் விலகியதால் அதன் சராசரி உயர்கிறது. இரண்டாவது வரிசையில் லேசானவர்கள் சேர்ந்ததால் அதன் சராசரியும் உயர்கிறது. யாருடைய ஆயுளும் ஒருநாள்கூடக் கூடாமலே இரண்டு வரிசையும் முன்னேறியதுபோல் தெரியும். புதிய ஸ்கேன் வந்தபின் வரும் வெற்றிக் கணக்குகளை இதை மனத்தில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும்.

புள்ளிகளின் எண்ணிக்கை முக்கியம், ஏனெனில் மருத்துவம் அதைப் பொறுத்திருக்கிறது. 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 790 ஆண்களை எடுத்துக்கொண்டது. உள்ளுறுப்பில் பரவல் இருந்தாலோ, எலும்பில் நான்கு புள்ளிகளுக்குக் குறையாமல் இருந்து அவற்றில் ஒன்றாவது முள்ளெலும்பையும் இடுப்பெலும்பையும் தாண்டியிருந்தாலோ அது மிகுபரவல். மிகுபரவல் உள்ளவர்களுக்கு ஹார்மோன் மருத்துவத்தோடு டோசிடாக்சல் என்ற வேதிமருந்தையும் தொடக்கத்திலேயே கொடுத்தபோது, நடுநிலை ஆயுள் 32 மாதத்திலிருந்து 49 மாதமானது. குறைபரவல் உள்ளவர்களிடம் வேறொரு பயன் கண்டது பிரிட்டனின் பெரிய ஆய்வு ஒன்று. நோய் எலும்புக்குப் போய்விட்ட பிறகும் தாய்ப்புற்றுக்குக் கதிர்வீச்சு கொடுத்தால் மூன்றாண்டு உயிரோடு இருப்போர் 73-இலிருந்து 81 விழுக்காடானார்கள்; மிகுபரவலில் அந்தப் பயன் இல்லை. இந்த எல்லைகளெல்லாம் பழைய எலும்பு ஸ்கேனின் புள்ளிகளை எண்ணி வகுத்தவை. பெட் ஸ்கேனில் ஆறு புள்ளி தெரிந்தவருக்குப் பழைய ஸ்கேனில் இரண்டே தெரிந்திருக்கலாம். அவர் எந்த வரிசை என்பது மருத்துவர்களிடையே இன்னும் வாதத்துக்குரியது.

ஹார்மோன் மருத்துவத்துக்கு அடிப்படை போட்டவர் சிக்காகோவின் சார்ல்ஸ் ஹக்கின்ஸ். புராஸ்டேட் உயிரணுக்கள் ஆண் ஹார்மோனாகிய டெஸ்டோஸ்டிரோனை நம்பி வாழ்கின்றன. எலும்புக்குக் குடிபோனாலும் அந்தப் பழக்கம் விடுவதில்லை. 1941-இல் அவரும் கிளாரன்ஸ் ஹாட்ஜசும் எலும்புப் பரவல் உள்ளவர்களின், அந்த ஹார்மோனைச் சுரக்கும் விதைகளை நீக்கி, புற்றணுக்கள் விடும் அமில பாஸ்படேஸ் என்ற நொதி இரத்தத்தில் சரிவதைக் காட்டினார்கள். முதுகு வலியால் எழ முடியாதவர்கள் சில நாளில் எழுந்து நடந்தார்கள். 1966-இல் ஹக்கின்சுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் அதே கோட்பாடுதான். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி போட்டு ஹார்மோனை அடக்கலாம். அல்லது விதைகளை நீக்கும் சிறு அறுவையை ஒரே முறை செய்துகொள்ளலாம். ஊசிக்குத் தவறாமல் ஊர்விட்டு ஊர் போகவேண்டியவருக்கு அறுவையே சிக்கனம். ஆனால் ஆண்மை போய்விடும் என்ற கூச்சத்தில் அதைத் தள்ளிப்போடுவோர் நிறைய. ஊசியானாலும் அறுவையானாலும் ஹார்மோன் குறைவது ஒன்றே என்பதைப் பக்குவமாகச் சொல்பவர் குறைவு.

அபிராட்டெரோன் போன்ற பிந்தைய மாத்திரைகள், உடலில் மிஞ்சிய துளி ஹார்மோன் உற்பத்தியையும் அடைக்கின்றன. வெறும் வயிற்றில் 1,000 மில்லிகிராம் என்பது அதன் அளவு. சாப்பாட்டுடன் எடுத்தால் உடல் அதைப் பல மடங்கு உறிஞ்சும். 2018-இல் 72 பேரிடம் நடந்த சிறு சோதனையில், காலைச் சிற்றுண்டியோடு 250 மில்லிகிராம் எடுத்தவர்களிடம் பி.எஸ்.ஏ. சரிவு முழு அளவு எடுத்தவர்களுடையதைவிடக் குறைவாக இல்லை. கைக்காசில் மருந்து வாங்கும் நாட்டில் இது சிறிய செய்தி அல்ல. மருத்துவர் சொல்லாமல் தானாக அளவை மாற்றிக்கொள்வது மட்டும் ஆபத்து.

எலும்புக்குப் போனதும் முடிந்தது என்று நினைப்பதற்கு எதிரான புகழ்பெற்ற சான்று பிரான்சுவா மித்தரான். காரைக்கால்காரர்களுக்குப் பரிச்சயமான அந்தப் பிரெஞ்சு அதிபர் 1981 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்டார். நவம்பரிலேயே எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்று தெரிந்தது. நாட்டுக்கு அது மறைக்கப்பட்டது. இரண்டு பதவிக்காலம் முடித்து 1996 ஜனவரியில் இறந்தார். பதினான்கு ஆண்டு என்பது விதிவிலக்கு. எல்லோருக்கும் அதை எதிர்பார்ப்பது தவறு. 2025 மே மாதம் அமெரிக்க முன்னாள் அதிபர் ஜோ பைடனுக்கு எலும்புப் பரவலோடு இந்நோய் கண்டதாக அவர் அலுவலகம் அறிவித்தபோது, ஹார்மோனுக்குக் கட்டுப்படும் வகை என்ற குறிப்பும் அதில் இருந்தது. முன்கணிப்பில் அந்தக் குறிப்பின் எடை அதிகம்.

அவசரமானது ஒன்று உண்டு. நொறுங்கிய முள்ளெலும்போ கட்டியோ தண்டுவடத்தை நெருக்கினால் கால்கள் வலுவிழக்கும், இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும், நீரும் மலமும் கட்டுப்பாட்டை விட்டுப்போகும். மருத்துவமனை சேரும்போது நடந்துகொண்டிருந்தவர் பெரும்பாலும் தொடர்ந்து நடப்பார். நடை போய் நாளானவருக்கு அது திரும்புவது அரிது. ஸ்டீராய்டு, கதிர்வீச்சு, தேவைப்பட்டால் அறுவை என்று அன்றே தொடங்க வேண்டியது இது. வேளாங்கண்ணியிலிருந்து தஞ்சாவூர் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். 108-ஐ அழைக்க மறுநாள் காலைவரை காத்திருக்கலாகாது.

எலும்பைக் காக்கும் மருந்துகளும் இருக்கின்றன. சோலெட்ரோனிக் அமிலமும் டெனோசுமாபும் எலும்பழிப்பிகளை அடக்குகின்றன. ஹார்மோன் மருத்துவத்துக்குக் கட்டுப்படும் தொடக்க காலத்தில் இவை ஆயுளைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. அந்த மருத்துவம் பலிக்காமல் போன கட்டத்தில் எலும்பு முறிவைக் குறைக்கின்றன. ஹார்மோன் குறைவதே எலும்பை மெலிய வைக்கும் என்பதால் அதற்கும் சிறிய அளவில் பயன்படுகின்றன. இந்த மருந்துகள் சிலருக்குத் தாடையெலும்பைச் செத்துப்போகச் செய்யும். பல் பிடுங்கினால் புண் ஆறாது. எனவே ஊசி தொடங்குமுன் பல் மருத்துவரிடம் போய் ஆடும் பல்லைப் பிடுங்கிவிடுவது முறை. கும்பகோணம் வெற்றிலையும் புகையிலையும் காலமெல்லாம் மென்ற வாய்க்கு இந்த ஆலோசனை கூடுதலாகப் பொருந்தும்.

மருத்துவம் பலிக்கிறதா என்று அறியப் பி.எஸ்.ஏ. நம்பகமான துணை. ஹார்மோன் சிகிச்சை மட்டுமே இருந்த காலத்து அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஏழு மாதத்தில் அந்த எண் 0.2-க்குள் இறங்கியவர்களின் நடுநிலை ஆயுள் 75 மாதம். 4-க்கு மேலேயே நின்றவர்களுக்கு 13 மாதம். எலும்பு ஸ்கேன் இந்த விஷயத்தில் ஏமாற்றும். சிகிச்சை தொடங்கி மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேனில் புள்ளிகள் முன்பைவிடக் கறுத்து, புதிதாகவும் சில தெரிவதுண்டு. புற்றணுக்கள் செத்த இடத்தை எலும்பாக்கிகள் சீர்செய்வதால் வரும் கூட்டம் அது. பி.எஸ்.ஏ. இறங்கி, வலியும் குறைந்திருந்தால் மருத்துவர்கள் மருந்தை மாற்றாமல் இன்னொரு ஸ்கேனுக்குக் காத்திருப்பார்கள். எக்ஸ்ரேயிலும் சி.டி.யிலும் தெரியும் வெள்ளைத் தடிப்புகளோ புற்றணு அடங்கிய பிறகும் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும்.